முதல் அழைப்புக்கு வந்தவர்

இதனால் சகலருக்கும், குறிப்பாக வரலாற்றாசிரியர்களுக்கும் சிலை செய்பவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: சிசிலித் தீவின் கத்தானியா நகரம், கயிற்றுக்காரர் தெரு, பதினான்காம் எண் கட்டடத்தில், சென்ற அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஐந்து மணி முப்பது நிமிடத்துக்கு, வீட்டு உரிமையாளர் கூட்டத்தின் முதல் அழைப்புக்கு ஓர் ஆள் வந்தார்.

இதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து விழாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சட்டப்படி ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு அழைப்பு உண்டு. கட்டடத்தை ஆயிரம் பங்காக்கி, வீட்டின் அளவுக்கேற்ப உரிமையாளர்களுக்குப் பிரித்திருக்கும்; முதல் அழைப்பில் அதில் மூன்றில் இரண்டு பாகம் வந்து உட்கார வேண்டும். அது நடக்காவிட்டால் இன்னொரு நாள் இரண்டாம் அழைப்பு. அதற்கு மூன்றில் ஒரு பாகம் போதும். மூன்றில் இரண்டு பாகத்தைக் கூட்டுவது கடினம், கூட்டினால் சண்டை. ஆகவே கட்டட நிர்வாகிகள் எல்லோரும் முதல் அழைப்பைத் திருடனும் ரொட்டிக்கடைக்காரனும் மட்டும் விழித்திருக்கும் நேரத்தில் வைப்பார்கள். யாரும் வரமாட்டார்கள். யாரும் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, இரண்டாம் அழைப்பில் வசதியாகச் சண்டை போடுவோம். என் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

நான் அந்த ரொட்டிக்கடைக்காரன். பெயர் சாரோ; எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆண்களுக்குத் 'தோன்', பெண்களுக்குத் 'தோன்னா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்துக் கடை என்னுடையது. ஆயிரத்தில் நாற்பது பங்கு.

வந்த ஆள் இரண்டாம் மாடி சிரினோ. ஓர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் ஒரு புகாரையும் மறுத்ததில்லை, தீர்த்ததும் இல்லை. தெருவில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஒருமுறை என் கடையில் கல் மாதிரி காய்ந்த ரொட்டியைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கேட்டதற்கு, "பரவால்ல தோன் சாரோ, பல்லுக்கும் வேலை வேணும்ல," என்றார்.

அவர் மனைவி வெனெரா நேர் எதிர். சண்டை அவளுக்குக் காலைக் காபி. மீன் சந்தையில் அவள் நுழைந்தால் விலைப்பலகைகள் தாமாகவே திரும்பிக்கொள்ளும். கட்டடக் கூட்டங்களில் முதல் மாடி வக்கீல் லிபோரியோவை எதிர்த்துப் பேசிய ஒரே பிறவி அவள்தான். பதினான்கு மாதங்களுக்கு முன் இடுப்பும் ஒரு காலும் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். லிஃப்ட் இருக்கிறது. ஆனால் லிஃப்டுக்கும் தெருவுக்கும் நடுவே, முன்கூடத்தில், கருங்கல்லில் ஏழு படி. அந்த ஏழு படிதான் கதை.

நாலு பேர் தூக்கி இறக்குகிறோம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். மாடத்திலிருந்து பதில் வந்தது.

"நான் என்ன திருவிழாச் சிலையா, தோள்ல ஏத்தி ஊர்வலம் விட? மெழுகுவர்த்தியும் கொண்டு வருவியா? ரொட்டியப் போடு!"

ரொட்டிக்காக அவள் கயிற்றில் கூடை இறக்குவாள். பதினான்கு மாதமாக அவள் உடம்பில் தெருவுக்கு வந்த பாகம் அந்தக் கூடை மட்டுமே. மீன் வாங்க சிரினோ போனார். பேரம் பேசத் தெரியாத மனிதருக்கு மீன்காரன் கொடுக்கும் மீன் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "இந்த மீனு என்னைவிட முன்னாடியே படுத்துடுச்சு," என்பாள் வெனெரா.

படிகளின் ஓரத்தில் ஒரு சாய்தளம் போட்டால் தீர்ந்தது. அதற்குக் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். மூன்று கூட்டங்களில் அது மூன்றாவது பொருளாக வந்தது. கூட்டம் நடப்பது அந்தப் படிகளுக்குக் கீழே என்பதால் எதிர்த்துப் பேச வெனெரா வர முடியவில்லை; மூன்றிலும் வக்கீல் லிபோரியோ எழுந்து நின்றார்.

வக்கீல் எழுந்து நிற்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முதலில் கோட்டின் பித்தானைப் போடுவார். பிறகு முன்கூடத்தில் இருக்கும் இரண்டு சுண்ணாம்புச் சிங்கங்களைப் பார்ப்பார். அவற்றில் ஒன்றுக்கு மூக்கில்லை. பிறகு, "இந்தப் படிகளில் ஒரு பிஷப் ஏறியிருக்கிறார்!" என்று ஆரம்பிப்பார். எந்த பிஷப், எதற்கு ஏறினார், யாருக்கும் தெரியாது. வாடகை கேட்கத்தான் வந்திருப்பார் என்பது என் ஊகம். கட்டடத்தின் மாண்பு, கல்லின் கண்ணியம், முன்னோர்களின் பாதம் என்று ஒன்பது மணி வரை பேசுவார். ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும். பொருள் ஒத்திவைக்கப்படும்.

மற்றவர்கள் யாரும் சாய்தளத்தை எதிர்க்கவில்லை. வக்கீலை எதிர்க்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் மாடி தோன்னா நெரீனா சமாதானப் பிரியை. எந்தச் சண்டையையும் நடுவில் வெட்டிப் பாதியாகக் கொடுப்பாள். "ஆளுக்குப் பாதி வச்சுக்கலாமே! மூணரைப் படிக்குச் சாய்தளம் போடுவோம், மூணரைப் படி மாண்புக்கு இருக்கட்டும்," என்றாள். அதை இரண்டு பேர் சீரியஸாக யோசித்தார்கள். மருந்துக்கடைக்காரர் வக்கீலோடு சீட்டாடுபவர். வக்கீல் இருமினால் அவரும் இருமுவார். நான்? நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். இரண்டு பக்கமும் ரொட்டி வாங்குகிறார்களே.

மூன்றாவது கூட்டத்தில் வாக்கெடுப்பு மாதிரி ஒன்று நடந்தது. சிரினோ தன் மனைவியின் சாய்தளத்துக்குக் கை தூக்கவில்லை. கையைப் பாதி தூக்கினார், வக்கீல் பார்த்தார், அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார். வெனெரா அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது எப்படிப்பட்ட விஷயம் என்றால், தெருவே சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தது.

இதற்கு நடுவில் எங்கள் நிர்வாகி துய்லியோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தார். 'மோதல்களை எதிர்கொள்ளும் ஐந்து குணங்கள்' என்று வகுப்பு. வரும்போது நாற்பது கேள்வி கொண்ட தாளும் வண்ண அட்டையும் கொண்டுவந்தார். எல்லோரையும் நிரப்ப வைத்தார். முடிவுகளை லிஃப்ட் கதவில் ஒட்டினார். வக்கீல்: புல்டோசர். நெரீனா: பாதி வழியில் திரும்பும் டிராம். சாரோ: எல்லோரையும் ஏற்றிக்கொள்ளும் பேருந்து. துய்லியோ தன்னைத் தானே மதிப்பிட்டு ஆம்புலன்ஸ் என்று போட்டுக்கொண்டார். வெனெராவின் தாள் கூடையில் வந்தது. நாற்பது கேள்விக்கும் குறுக்கே ஒரே பதில், அதை இங்கே அச்சிட முடியாது.

சிரினோவின் பெயருக்கு எதிரே: நிறுத்தி வைத்த கார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தோன் சிரினோ," என்று துய்லியோ அவர் தோளைத் தட்டினார். "இது ஒரு குணம்தான். வியாதி இல்ல."

"இல்ல இல்ல, சரியாத்தான் இருக்கு," என்றார் சிரினோ. "பேட்டரியும் இல்லன்னு சேத்துப் போடுங்க."

அக்டோபர் கூட்டம் வந்தது, மூன்றாவது பொருள் மறுபடியும் சாய்தளம். முதல் அழைப்பு வியாழன் காலை ஐந்தரை. இரண்டாம் அழைப்பு வெள்ளி மாலை ஏழு. வெள்ளி மாலை ஏழு என்று போடும்போது துய்லியோ நாட்காட்டி பார்த்தார், கால்பந்து அட்டவணை பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் பரம எதிரியான பலெர்மோ அணியோடு ஆட்டம். கட்டடமே மைதானத்துக்குப் போகிறது, எழுபத்து நாலு வயது நெரீனா கொடியோடு முன்னால். வராதவர்கள் தங்கள் வாக்கைக் கையெழுத்திட்டு வேறொருவரிடம் கொடுக்கலாம். யாரிடம் கொடுப்பது? சண்டை வராத ஆளிடம். சிரினோவிடம்.

வக்கீலே ஏற்பாடு செய்தார். "எல்லோரும் சிரினோவிடமே கொடுத்துவிடுங்கள். நல்ல மனிதர். கூட்டத்தின் உணர்வோடு ஒத்துப் போவார்," என்று வீடு வீடாகச் சொன்னார். கூட்டத்தின் உணர்வு என்றால் வக்கீலின் குரல். ஐந்து வீட்டுத் தாள்கள் சிரினோவின் சட்டைப்பைக்கு வந்தன.

புதன் மாலை துய்லியோவும் வக்கீலும் என் கடைக்கு வந்தார்கள். கூட்டப் பதிவேடும் மடக்கு நாற்காலிகளும் என் மாவு அறையில்தான் இருக்கும். வழக்கம்போல துய்லியோ பதிவேட்டைத் திறந்து, மறுநாள் தேதி போட்டு, 'காலை 5.30. முதல் அழைப்பு. யாரும் வரவில்லை' என்று எழுதினார். நிரந்தரத் தலைவரான வக்கீல் தங்கப் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். இன்னும் விடியாத நாளுக்குச் சாட்சி சொல்லிவிட்டு, எள் தூவிய ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

வியாழன் விடிகாலை முதல் தட்டை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் வந்தேன். விளக்கு எரிந்தது. ஒன்பது நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. நடு நாற்காலியில் சிரினோ, கல்யாணக் கோட்டு, கழுத்துப்பட்டை, மடியில் தொப்பி.

"என்ன தோன் சிரினோ, யார் செத்தது?"

"கூட்டம்," என்றார்.

"கூட்டம் நாளைக்கு."

"அது ரெண்டாவது அழைப்பு. இது முதல் அழைப்பு." தாளை எடுத்துக் காட்டினார். "இங்க போட்டிருக்கே."

"அது சும்மா போடறது! யாரும் வரமாட்டாங்க!"

"அதான் வந்தேன்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "எனக்கு மனுஷங்களோட சண்டை போட வராது தோன் சாரோ. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். வாய் வரைக்கும் வருது, அப்புறம் மன்னிக்கணும்னுதான் வெளிய வருது. அப்பத்தான் நினைச்சேன், மனுஷங்களே இல்லாத இடத்துல பேசிப் பாத்தா என்ன?"

தட்டை ஒரு நாற்காலியில் வைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஐந்து தாள்களை எடுத்து, நாற்காலிக்கு ஒன்றாக வைத்தார். ஒவ்வொரு தாளிலும் 'இக்கூட்டத்தின் இரு அழைப்புகளுக்கும் செல்லும்' என்று அச்சடித்திருந்தது. முப்பது வருடமாக அச்சடிக்கிறார்கள். முப்பத்தோரு வருடம் புகார்த் தாளின் பொடி எழுத்தையெல்லாம் படித்த மனிதர் ஒருவர்தான் அதைப் படித்திருக்கிறார்.

"என்னோடதையும் சேத்து அறுநூத்தி நாப்பது பங்கு," என்றார். "அறுநூத்தி அறுபத்தேழு வேணும். அதோட, தனி ஆளா உக்காந்தா அது கூட்டம் இல்ல. தலைவர் ஒருத்தர், எழுதறவர் ஒருத்தர்."

கணக்கு எங்கே வந்து நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. என் நாற்பது.

"என்னை இதுல இழுக்காதீங்க," என்றேன். "வக்கீல் தினம் ரெண்டு ரொட்டி. ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க வந்தா பன்னெண்டு. நான் பேருந்து. எழுதி ஒட்டியிருக்காங்க."

"ஐயோ, இழுக்கல இழுக்கல," என்றார். "வேணாம்னா வேணாம். மன்னிக்கணும், வேலை நேரத்துல." எழுந்து, தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, முதல் நாற்காலியை மடக்கினார். இரண்டாவதை மடக்கினார். என் ரொட்டித் தட்டை இரண்டு கையாலும் எடுத்துப் பத்திரமாக என்னிடம் கொடுத்துவிட்டு மூன்றாவதையும் மடக்கினார்.

வேறு எவனாவது என்னைத் திட்டியிருப்பான். கோழை என்றிருப்பான். நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக அடுப்புக்குப் போயிருப்பேன். இந்த மனிதர் நாற்காலியை மடக்குகிறார்! அந்த மடக்கும் சத்தத்தை எதிர்த்து என்ன பேச முடியும்? நாலாவது நாற்காலியில் கை வைத்தபோது நான் அதில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன். "அடுப்புல இன்னும் ரெண்டு தட்டு இருக்கு."

ஐந்து முப்பத்தெட்டுக்குக் கூட்டம் தொடங்கியது. சிரினோவைத் தலைவராக நான் முன்மொழிந்தேன், அவர் கூச்சத்தோடு வழிமொழிந்தார். மூன்றாவது பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. "யாராவது பேச விரும்பறீங்களா?" என்று சிரினோ காலி நாற்காலிகளைக் கேட்டார். இரண்டு சிங்கங்களையும் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். முறைப்படி நடக்க வேண்டுமாம். பிறகு வாக்கெடுப்பு. அவர் கை மேலே போனது. பாதியில் நின்றது. தலைப் பக்கம் போகவில்லை. முழங்கை நிமிர்ந்து, விரல் விரிந்து, கல்யாணக் கோட்டின் அக்குள் தையல் டர்ரென்று பிரியும் வரை மேலே போனது.

ஆயிரத்தில் அறுநூற்று எண்பது. ஏகமனது.

பதிவேட்டைத் திறந்தபோது வக்கீலின் கையெழுத்து இருந்தது: யாரும் வரவில்லை. சிரினோ பேனாவை எடுத்தார். பிறகு அதற்குக் கீழே, புகார்ப் பிரிவின் அழகான கையெழுத்தில், என்னை எழுதவிடாமல் தானே முதல் வரியை எழுதினார்: 'மன்னிக்கவும், மேலே உள்ளது உண்மையல்ல.' மற்றதை மாவுக் கையோடு நான் எழுதினேன்.

வியாழன் முழுக்க இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது முதல் அனுபவம்.

வெள்ளி மாலை கூடத்தில் ஐந்து பேர்: வக்கீல், மருந்துக்கடைக்காரர், துய்லியோ, சிரினோ, நான். ஆள் குறைவென்பதால் வக்கீல் தளரவில்லை. ஆறு பக்கத்தில் 'படியும் பண்பாடும்' என்று தலைப்பிட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தார். பித்தானைப் போட்டார். சிங்கத்தைப் பார்த்தார்.

"இந்தப் படிகளில் ஒரு பிஷப்—"

"மன்னிக்கணும் வக்கீலய்யா," என்று சிரினோ எழுந்தார். "மூணாவது பொருள் முடிஞ்சுபோச்சு."

"என்னது முடிஞ்சுபோச்சு?"

"நேத்து காலையில. அஞ்சு அம்பதுக்கு. முதல் அழைப்புல."

வக்கீல் சிரித்தார். மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். "முதல் அழைப்பா! அதுக்கு யாருய்யா வருவா? யாரும் வரலைன்னு பதிவேட்டுல என் கையெழுத்தே இருக்கு!"

நான் பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் திறந்ததில்லை.

"இருக்கு," என்றேன். "நேத்து காலையில நீங்க இங்க வந்து பாத்தீங்களா வக்கீலய்யா?"

"நான் ஏன் அந்நேரத்துக்கு..."

"வந்திருந்தா எங்க ரெண்டு பேரையும் பாத்திருப்பீங்க. சூடா ரொட்டியும் குடுத்திருப்பேன். வரலைன்னா, எதைப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

துய்லியோ பதிவேட்டில் தன் எழுத்தைப் பார்த்தார். ஆம்புலன்சுக்கே ஆம்புலன்ஸ் தேவைப்படும் போலிருந்தது.

"இது செல்லாது!" என்றார் வக்கீல். "நான் கோர்ட்டுக்குப் போவேன்!"

"மன்னிக்கணும்," என்றார் சிரினோ. "தாராளமாப் போங்க. அந்தப் பதிவேட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. உங்க கையெழுத்த ஜட்ஜ் பாக்கணும்ல. மன்னிக்கணும்."

அவர் வாழ்நாளில் பேசிய மிகக் கொடூரமான வாக்கியம் அது. முன்னும் பின்னும் மன்னிப்பு வைத்து, துணியில் சுற்றிய செங்கல் மாதிரி இறக்கினார். வக்கீல் வாயைத் திறந்தார். மூடினார். எங்கள் தெரு அறிந்த வரையில் அவர் வாய் ஒன்பது மணிக்கு முன்னால் மூடியது அதுவே முதல் தடவை.

"லிபோரியோ, உக்காரு," என்றார் மருந்துக்கடைக்காரர். "பிரஷர் ஏறும்."

வக்கீல் பித்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அதே நொடியில் மைதானத்துப் பக்கமிருந்து நகரமே கத்தியது. கோல்.

சிரினோ தெருவுக்குப் போய் மாடத்தைப் பார்த்து இரண்டு முறை கை தட்டினார். கூடை இறங்கியது. தீர்மானத்தின் நகலை மடித்து, மேலே ஒரு ரொட்டியை வைத்து அனுப்பினார். கூடை ஆடி ஆடி ஏறியது. மாடத்தில் காகிதம் பிரியும் சத்தம். சிரினோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப் போலக் கீழே நின்றார்.

"சிரினோ!"

அந்தக் குரலுக்கு எதிர்வீட்டுப் புறாக்கள் பறந்தன.

"சொல்லு வெனெரா."

"யார் பண்ணது இது?"

"நான்தான். மன்னிக்க..."

"மன்னிப்புக் கேட்டே, இந்த ரொட்டியால மண்டையப் பொளந்துடுவேன்! மேல வா. முகத்தப் பாக்கணும்."

அவர் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. அறுபத்தாறு வயது மனிதர், பிஷப் ஏறிய ஏழு படியை மூன்று தாவலில் தாண்டி, மாடிப்படியிலேயே ஓடினார்.

இருபத்திரண்டு நாளில் சாய்தளம் எழுந்தது. திறப்பு நாளன்று யாரும் அழைக்காமலே தெரு கூடியிருந்தது. லிஃப்ட் திறந்தது. வெனெரா, உதட்டுச் சாயமும் பச்சைச் சால்வையும். சிரினோ பின்னால் கைப்பிடியைப் பிடிக்கப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டாள். தானே சக்கரத்தைப் பிடித்து, இரண்டு சிங்கங்களுக்கும் நடுவே, சுக்கானைப் பிடித்த கப்பல் தலைவி மாதிரி இறங்கி வந்தாள். ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்தன. நெரீனா கால்பந்துக் கொடியை ஆட்டினாள். துய்லியோ லிஃப்ட் கதவிலிருந்து தன் அட்டையைச் சத்தமில்லாமல் கிழித்துக்கொண்டிருந்தார். வக்கீல் மாடத்திலிருந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினாரா, தலையைச் சொறிந்தாரா என்று தெருவில் இன்னும் இரண்டு கருத்து உண்டு.

நேராக மீன் சந்தைக்குப் போனாள். மீன்காரன் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே பழைய மீனையெல்லாம் எடுத்துப் பெட்டிக்குள் போட்டானாம். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து வந்த பொரிக்கும் வாசனைக்கு என் கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் வரிசையை விட்டு வெளியே போய் நின்றார்கள். சிரினோ என்னிடம் ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு நேற்று வந்தது. முதல் அழைப்பைத் துய்லியோ காலை நாலு மணிக்கு மாற்றியிருக்கிறார். முதல் பொருளைக் கொடுத்தவர்கள் வெனெராவும் வக்கீல் லிபோரியோவும் கூட்டாக.

சாய்தளத்தின் நிறம் பிடிக்கவில்லையாம்.